பதினோராவது கட்டம்

ஊர்திப் பதிவேட்டில் பத்துக் கட்டம்.
அழைப்பு வந்த நேரம், கிளம்பிய நேரம்,
ஓடிய தூரம், குடித்த டீசல்,
இறைத்த தண்ணீர், இன்னும் ஐந்து.
பதினோராவதுக்குக் கோடு போட்டது நான்தான்.
பென்சிலில்.
தணிக்கைக்கு ஆள் வந்தால் அழித்துவிடலாம்.
தலைப்பு: எங்கே போனது.

செவ்வாய்ப்பேட்டைக் கிடங்கில் அன்று
தின்னர் பீப்பாய்கள் ஒவ்வொன்றாய் வெடித்தன.
நுரைதான் அடித்தோம், வேறு வழியில்லை.
வெள்ளையாய்ப் பொங்கிப் படர்ந்து
நெருப்பின் மூக்கைப் பொத்தியது.
கைதட்டினார்கள். ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார்.
விடிந்து பார்த்தால்
சாக்கடை பிடித்து இறங்கி
திருமணிமுத்தாற்றில் சேர்ந்திருந்தது.
ஆறோ முன்பே நுரைத்துக்கொண்டிருந்தது.
சாயப்பட்டறை நுரை எது, என் நுரை எது?
பிரசவ வார்டில் பிள்ளை மாறிப்போன தகப்பன்போல
பாலத்துக் கைப்பிடியில் குனிந்து
வெகுநேரம் தேடினேன்.

புதன்கிழமை கவாத்து.
நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் மேட்டூர்த் தண்ணீரை
நிலைய முற்றத்தில் நின்று வானத்துக்கு அடிப்போம்.
வானத்தில் தீ இல்லை.
எதிர்ச்சாரியில் பரிமளம் இரண்டு குடத்தோடு நிற்பாள்.
அவள் தெருக் குழாயில்
ஒன்பது நாளாய்க் காற்றுதான் வருகிறது.
"அந்தப் பைப்பைக் கொஞ்சம் இப்படித் திருப்பக்கூடாதா சார்?"
விதியில் இடமில்லை.
அங்கப்பனுக்குக் கை வழுக்கிவிட்டது.
ஒரு குடம் நிறைந்தது,
மற்றது அடித்த வேகத்தில்
பஸ் நிறுத்தம்வரை உருண்டது.

நிலைய அதிகாரி ஜெபக்கனி
தொட்டி கேட்டு மூன்று கடிதம் எழுதினார்.
நான்காவது எழுதவில்லை, கடப்பாரை எடுத்தார்.
சூரமங்கலத்தில் இடிந்த வீட்டில்
ஆளை மீட்ட மறுவாரம்
வீட்டுக்காரர் கொடுத்த செங்கல்,
எங்கள் கை, இரண்டு ஞாயிறு.
இப்போது அடித்த தண்ணீர் சரிவில் ஓடி
ஜல்லியில் இறங்கி, தொட்டியில் தேங்கி
மறுபடி லாரிக்கே வருகிறது.
முதல் வாரம் வேப்பம்பூவோடு வந்தது.
மூன்றாம் வாரம் ஒரு தவளை வடிகட்டியை அடைத்தது.
"மீட்புக் கட்டத்தில் எழுதவா மேடம்?"
அவர் சிரிக்கவில்லை. எழுது என்றார்.

பயிற்சிக்கு அந்த நுரையும் நின்றது.
பூந்திக்கொட்டை ஊறவைத்து அடிக்கிறோம்.
அதில் தீ அணையாது; கை பழகும்.
நிஜத் தீக்கு இன்னும் பழைய பீப்பாய்தான்,
மூலையில், தார்ப்பாய் மூடி.
அதன் பக்கம் போகும்போது
ஆறு ஞாபகம் வரும்.

மாசிக் கடைசியில் ஏற்காட்டுச் சரிவு எரிந்தது.
பதினாலாவது கொண்டை ஊசியில் வண்டி நின்றது.
அதற்குமேல் குழாய் எட்டவில்லை.
டாங்க் நிறையத் தண்ணீர் இங்கே,
தீ அங்கே, ஒரு பள்ளத்தாக்கு தள்ளி
போதைப்புல்லைத் தின்றுகொண்டிருந்தது.
மேலேயிருந்து இறங்கி வந்த சடையன்
லாரியை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பச்சைக் கொப்பு ஒடித்து ஆளுக்கொன்று நீட்டினார்.
அடித்தோம்.
மூன்று மணிவரை அடித்தோம்.
பச்சையை ஒடித்துத்தான்
பச்சையைக் காப்பாற்ற முடிந்தது.
இதற்கு எந்தக் கட்டம்?

நாலரை டன் தண்ணீரை
மலைக்குத் தூக்கிப்போய்க் காட்டிவிட்டு
திரும்பக் கொண்டுவந்ததற்கு
இருபத்தெட்டு லிட்டர் டீசல்.
அதை மறைக்காமல் எழுதினேன்.

நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போது
வாசலில் பரிமளம்.
இன்று யாருக்கும் கை வழுக்கவில்லை.
நானே இறங்கித் திருகினேன்.
குனிந்து முகர்ந்தாள்.
"வேப்பம்பூ வாசம் அடிக்குது.
குடிக்க ஆகாது சார், துணிக்கு ஆகும்."

பதினோராவது கட்டத்தில்
பேனாவால் எழுதினேன்:
குடம், இரண்டு. துணிக்கு.
மீதி டாங்கில்.